போர் வற்றியதா, ஊற்றுக்கண் அடைபட்டதா?

திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு போர்வெல்லில் தண்ணீர் குறைந்தால், அடுத்த பேச்சே இன்னொரு போர் போடுவதுதான். வண்டியைக் கூப்பிடும் முன், குறைந்தது நிலத்தடி நீரா, அது வந்து சேரும் வழியா என்று பார்த்துவிட வேண்டும்.

எண்ணெய்க் கிணறுகளிலும் இதே கேள்விதான். சேறும் மெழுகும் உப்பும் படிந்து கிணற்றையொட்டிய பாறை அடைபட்டால், அல்ட்ராசானிக் கருவியை உள்ளே இறக்குவது ஒரு முறை. நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிரும் அந்த ஒலி, திரவத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கிறது. அந்த அதிர்ச்சியில் படிவு பெயர்கிறது. காவிரிப் படுகையில் இருப்பது போன்ற மணற்கல்லுக்கு இது ஏற்றது. மும்பை ஹை எண்ணெய் வயலில் உள்ளது போன்ற சுண்ணாம்புக் கல்லில், கல்லையே கரைக்கும் அமிலத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

திண்டுக்கல்லின் கதை வேறு. சிறுமலையின் சார்னோகைட்டிலும் சமவெளியின் நைஸ் பாறையிலும் மணற்கல்லைப் போல நுண்துளைகள் இல்லை. மேலே உக்கிய பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது. அல்ட்ராசானிக் அலை சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடும். அழுக்கை எடுக்குமே தவிர புது வெடிப்பைத் திறக்காது. அழுக்கை எடுப்பதற்கு, காற்றை அழுத்தத்தில் அடித்துக் கழுவும் கம்ப்ரசர் ஃப்ளஷிங்கே இங்கே கைக்கெட்டும் வழி. பல வருடம் நன்றாக ஓடிய போர், கலங்கலாக வந்து குறைந்தால் அதில் தொடங்கலாம்.

பக்கத்துத் தோட்டங்களில் தண்ணீர் இருந்தும், போட்ட நாளிலிருந்தே கசிவாக மட்டும் வரும் போருக்கு ஹைட்ரோ ஃப்ராக்சரிங் பொருத்தம். கேசிங் பைப்புக்குக் கீழே, கெட்டிப் பாறையில் ரப்பர் அடைப்பானை இறுக்கி, தண்ணீரை உயர் அழுத்தத்தில் செலுத்துவார்கள். மூடிய வெடிப்புகள் விரிந்து, தண்ணீருள்ள வெடிப்புகளோடு சேரக்கூடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இம்முறையைக் கையாண்டிருக்கிறது. பெயரைக் கேட்டு, காவிரி டெல்டாவில் எரிவாயு எடுப்பது பற்றிய விவகாரத்தோடு குழப்ப வேண்டாம். இங்கே செலுத்துவது வெறும் தண்ணீர். பாறை நொறுங்கியிருந்தால் அடைப்பான் பிடிக்காது, பணம்தான் வீண். திறந்தவெளிக் கிணறு என்றால், பக்கச் சுவரில் துளையிடும் சைடு போர் வேறொரு வழி.

ஊரே ஒன்றாக வற்றினால், 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்த பிறகு நேர்ந்ததைப் போல, எந்த முறையும் உதவாது. அப்போது அந்தப் பணம் குளத்துக்கும் வரத்து வாய்க்காலுக்கும் போகட்டும்.

முடிவெடுக்கும் முன் மோட்டாரை ஓர் இரவு நிறுத்தி, காலையில் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். மட்டம் உயரமாக நின்றும், ஓட்டியதும் சட்டென்று இறங்கினால் கோளாறு பெரும்பாலும் வழியில்.