ஆடியின் விளிம்பு

வானத்தைக் காண விரும்பும் மாணவன் தொலைநோக்கியை விலை கொடுத்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை. அதன் உயிராகிய குழியாடியைக் கையாலேயே செய்துகொள்ளலாம். சென்ற ஆண்டு விடுதியில் அவ்வாறு ஓர் ஆடி செய்தேன். அதில் நேர்ந்த பிழையும் அதைத் திருத்திய முறையும் பின்வருவோர்க்குப் பயன்படலாம் என்று இதனை எழுதுகிறேன்.

இக்கலை பெங்களூருக்குப் புதியதன்று. சவ்வாது மலையில், காவலூரில், 1986இல் திறக்கப்பட்ட தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் இந்நகரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரே. அதற்கு வித்திட்ட வைணு பாப்பு 1982இல் மறைந்தார்; இன்று அத்தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என் ஆடி மிகச் சிறியது. குறுக்களவு 15 செ.மீ.; குவியத் தூரம் 120 செ.மீ. இதற்கு நடுவில் வேண்டிய குழிவு சுமார் 1.2 மி.மீ.தான். ஒரு கண்ணாடி வட்டின்மேல் மற்றொன்றை வைத்து, இடையே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டுத் தேய்த்தால், மேல்வட்டு குழியும்; கீழ்வட்டு குவியும். பின்னர்க் கீழ்வட்டின்மேல் கீலை உருக்கி ஊற்றி, சதுரங்களாகக் கீறி, சீரியம் ஆக்சைடு கரைசல் பூசி மெருகேற்ற வேண்டும்.

ஆடி செம்மையாக உள்ளதா என்று அறிவது எப்படி? பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1858இல் எளிய வழியொன்று கண்டார். ஆடிக்கு எதிரே, குவியத் தூரத்தின் இருமடங்கில், சிறு ஒளிப்புள்ளியை வைக்க வேண்டும். திரும்பிவரும் ஒளியைச் சவர பிளேடால் மெல்ல மறைத்தால், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நிழல்களாகத் தோன்றும். விளிம்பு நன்றாயிருந்தால் இருபுறமும் மெல்லிய ஒளிக்கீற்று ஒத்து நிற்கும். என் ஆடியிலோ ஒருபுறம் மட்டுமே கீற்று இருந்தது. விளிம்பு தாழ்ந்துவிட்டது!

காரணம் என் அவசரமே. மன்றத்தார்க்குச் சனிக்கோளைக் காட்டுவதாக ஒரு நாள் குறித்திருந்தேன். விரைவில் முடிக்க எண்ணி, ஆடியை நெடுந்தூரம் இழுத்து இழுத்துத் தேய்த்தேன். பங்குனி வெப்பத்தில் கீலும் இளகியிருந்தது.

“ஓரத்தில் கறுப்புத் தாளை வளையமாக ஒட்டிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார் அறைத் தோழர். குறை மயிரிழை அளவாயின் அது தக்க யோசனையே. ஆனால் எனக்கு 5 மி.மீ. மறைக்க வேண்டியிருந்தது. ஓரம்தானே என்று தோன்றும். கணக்கிட்டால் ஒளியில் 100க்கு 13 பங்கு போய்விடும். நாளை ஒத்திவைத்து, மன்றத்தாரிடம் பொறுத்தருளக் கேட்டேன்.

தேய்ந்த விளிம்பில் கண்ணாடியைக் கூட்ட இயலாது. எஞ்சிய பரப்பு முழுவதையும் அதன் அளவுக்கு இறக்குவதே வழி. ஆகவே, கட்டியான புதிய கீல் ஊற்றினேன். நகத்தால் அழுத்தினால் சிறிதே பதியும் அளவு. ஆடியை அதன்மேல் வைத்து, எங்கும் ஒட்டிப் படியும்வரை அழுத்தினேன். இழுப்பைக் குறுக்குவட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தி, ஆடியைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே தேய்த்தேன். கைச்சூட்டால் கண்ணாடி விரியுமாதலால், நன்கு ஆறிய பின்னரே சோதித்தேன். எட்டு மாலைகள் சென்றபின் இருபுறக் கீற்றும் ஒத்தன.

அத்துடன் நிறைவடையவில்லை. 1990இல் விண்ணுக்குச் சென்ற ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடியில், விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் மிகையாகத் தட்டையாக்கப்பட்டிருந்தது. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் மாறியிருந்ததே காரணம். எளிய சோதனைகள் பிழையைக் காட்டியும் அவை ஒதுக்கப்பட்டன. 1993இல் விண்வெளி வீரர்கள் சென்று திருத்த நேர்ந்தது. அதை எண்ணி, பூச்சுக்கு அனுப்புமுன் ஆடியைக் குழாயில் பொருத்தி, ஒரு விண்மீனைக் கொண்டும் சோதித்தேன். இரண்டு சாட்சிகளும் ஒன்றையே கூறின.

கார்த்திகையில் ஒரு நாள் இரவு விடுதி மாடியில் சனியின் வளையத்தைக் கண்ட முதலாண்டுத் தம்பி ஒருவர், கண்ணெடுக்க மனமின்றி நின்றார். முன்பு குறித்த நாளை ஒருவரும் நினைவூட்டவில்லை. ஆடி செய்ய விரும்புவோர் வருக. கீலும் தூளும் இன்னும் மிச்சம் இருக்கின்றன.