மேசையில் கேட்டதை மன்றத்தில் சொல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

லண்டனில் ஓர் ஆலோசனை நிலையத்தில் நலவுரிமை ஆலோசகராகச் சேர்ந்திருக்கிறாய். உன்னைப் போல இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வாடகை, யுனிவர்சல் கிரெடிட், விசா என்று பெரிய சிக்கல்கள் உன் மேசைக்கு வரும். அவற்றுக்கு நடுவே கவுன்சில் வரிக் குறைப்பு சின்ன விஷயமாகத் தெரியும். அதைச் சின்னதென்று எண்ணாதே. பல ஏழை வீடுகளுக்குள் கடன் நுழைவது அந்த வழியாகத்தான்.

2013 மார்ச் வரை வரி உதவிக்கு நாடு முழுவதும் ஒரே விதி இருந்தது. வருமானம் மிகக் குறைந்தவருக்கு முழு வரியும் தள்ளுபடியாக இடமிருந்தது. அந்த ஏப்ரலில் மத்திய அரசு அதை நிறுத்தி, இனி உங்கள் திட்டத்தை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்று இங்கிலாந்தின் கவுன்சில்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. கொடுக்கும்போதே பணத்தில் பத்தில் ஒரு பங்கை வெட்டிக்கொண்டது. ஓய்வூதிய வயதினருக்கான உதவியைச் சட்டம் காப்பாற்றியது. ஆகவே வெட்டின் பாரம் உழைக்கும் வயதினர் தலையில் விழுந்தது. ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் தத்தம் நாட்டுக்கு ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டன. இங்கிலாந்தில் மட்டும், ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்று எதுவும் கட்டாமலும், கவுன்சில் எல்லைக்கு அப்பால் இருப்பது நூற்றுக்கணக்கான பவுண்டு கட்டியும் வாழலாம்.

அதனால் முதல் வேலையாக, உன் கவுன்சிலின் திட்டத்தை நீயே வாசி. சுருக்கக் குறிப்பையோ பக்கத்து மேசைக்காரர் சொல்வதையோ நம்பி நிற்காதே. எவ்வளவு ஏழையானாலும் கட்டியே ஆகவேண்டிய பங்கு உண்டா? சேமிப்புக்கு வரம்பு என்ன? பழைய விதியில் அது 16,000 பவுண்டு. 6,000க்கு இறக்கிய கவுன்சில்களும் உண்டு. வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் உதவியிலிருந்து எவ்வளவு கழிப்பார்கள்? நம் சனம் மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருப்பது வழக்கம், ஆகவே இந்தக் கழிவு நம்மவரைக் கடுமையாகத் தாக்கும். பல கவுன்சில்கள், வருமானத்தைப் படிகளாகப் பிரித்துப் படிக்கொரு உதவி தரும் முறைக்கு மாறிவிட்டன. யுனிவர்சல் கிரெடிட் மாதந்தோறும் ஏறி இறங்கும்போதெல்லாம் புது பில் வராமல் இருக்க அது உதவும். ஆனால் ஒரு படியின் விளிம்பில் நிற்பவர் சில பவுண்டு கூடுதலாக உழைத்தால் பெருந்தொகையை இழப்பார். விளிம்பு எங்கே என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொருவரிடமும் கேள்: கவுன்சிலுக்குத் தனியாக விண்ணப்பித்தீர்களா? யுனிவர்சல் கிரெடிட்டுக்குள் வரிக் குறைப்பு அடங்காது. அடங்கும் என்று நம்பி மாதக்கணக்கில் இழந்தவர்கள் ஏராளம். அதே மூச்சில் குடிவரவு நிலையையும் கேள். வரிக் குறைப்பு பொது நிதியாகக் கணக்கிடப்படும். பொது நிதி பெறத் தடையுள்ள விசாவில் இருப்பவரை அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஆபத்தில் தள்ளிவிடாதே. தனியாக வாழ்பவருக்கான 25 சதவீதக் கழிவு அப்படியல்ல, அதை அவரும் கேட்கலாம். திட்டத்தில் இடமில்லை என்றாலும் கதவு மூடவில்லை. கவுன்சில் வரியை வகுத்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஏ பிரிவு, கையறு நிலையில் இருப்பவருக்குத் தன் விருப்புரிமையில் வரியைக் குறைக்கும் அதிகாரத்தைக் கவுன்சிலுக்குத் தருகிறது. எழுத்தில் கேள், காரணங்களோடு கேள். முடிவு தவறென்றால் முதலில் கவுன்சிலுக்கு எழுது. இரண்டு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

தொகையின் அளவைக் கண்டு ஏமாறாதே. கழிவு போக ஆண்டு வரி 1,500 பவுண்டு, அதில் 20 சதவீதம் கட்டவேண்டும் என்று வை. 300 பவுண்டு, பத்துத் தவணையில் மாதம் 30. மாதம் 400 பவுண்டுச் சொச்சத்தில் வாழும் தனி ஆளுக்கு அது ஒரு வாரச் சாப்பாடு. கவுன்சில் அந்தப் பங்கை 30 சதவீதமாக்கினால் மாதம் 45. தவணை தவறி, நினைவூட்டலுக்கும் பணம் வராவிட்டால் ஆண்டின் மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். பிறகு நீதிமன்ற அழைப்பாணை, அதன் செலவு, கடனை வசூலிக்க வரும் பெய்லிஃப். 2014 விதிகள் பெய்லிஃப் கட்டணத்தை முதற்கட்டத்துக்கு 75 பவுண்டு, வாசலுக்கு வந்தால் மேலும் 235 என்று வகுத்தன. 30 பவுண்டு கட்ட முடியாதவரிடம்தான் இப்படிக் கட்டணம் கேட்கப்படுகிறது. ஆகவே நினைவூட்டல் வந்த அன்றே செயற்படு. பன்னிரண்டு தவணை கேட்பது சட்டப்படி உரிமை, அதைக் கேட்டு வாங்கு.

இவ்வளவும் செய்தாலும் உன் வேலை பாதிதான் முடியும். மறுபாதி திட்டம் எழுதப்படும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் திட்டத்தை மாற்றுவதா என்று கவுன்சில் யோசித்தாக வேண்டும். மாற்றுவதானால் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். மார்ச் 11க்குள் முழு மன்றமும் கூடி முடிவெடுக்க வேண்டும். உதவியைக் குறைத்தால் இடைக்கால ஏற்பாடு பற்றியும் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கருத்துக் கேட்பு வெறும் சடங்கல்ல. லண்டனின் ஹாரிங்கேயில் தனியாகப் பிள்ளை வளர்த்த தாய்மார் தொடுத்த வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கவுன்சிலின் கருத்துக் கேட்பு சட்டவிரோதம் என்றது. வரியை உயர்த்தலாம், சேமநிதியை எடுக்கலாம் என்ற மாற்று வழிகளைச் சொல்லாமல், வெட்டைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல் மக்களிடம் கேட்டதுதான் குற்றம். திட்டத்தை மறுபடி செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடவில்லை. ஆனாலும் வேறு வழிகளையும் சொல் என்று கேட்கும் உரிமை அந்தத் தாய்மாரால் நமக்கு உறுதியானது.

கவுன்சில்களிடம் பணமில்லை என்பது உண்மை. அதை மறுத்துப் பேசாதே. யாரிடமிருந்து எடுப்பது என்பது மட்டும் அவர்கள் செய்யும் தேர்வு. அந்தத் தேர்வின் விலை உன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நிதி அதிகாரியின் அட்டவணையில் சேமிப்பு எவ்வளவு என்று இருக்கும், அந்தச் சேமிப்புக்காக எந்த வீடு எதைக் கைவிட்டது என்று இருக்காது. அதைச் சொல்ல உன்னால் முடியும். பெயர், அடையாளம் இல்லாமல், வந்தவர்களின் சம்மதத்தோடு, நிலுவை எப்படி வளர்ந்தது, படியின் விளிம்பில் யார் விழுந்தார் என்று கோடைகாலம் முதலே குறித்து வை. கருத்துக் கேட்பு திறந்ததும் அதை எழுதி அனுப்பு. ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தயங்குகிற அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் பக்கத்தில் இருந்து, அவர்கள் சொற்களிலேயே அவர்கள் பதிலை நிரப்பிக் கொடு. உன் வட்டாரக் கவுன்சிலருக்கு வாக்கெடுப்புக்கு முன்னரே எழுது. இந்த ஆண்டு தோற்றால் அடுத்த ஆண்டும் எழுது. திட்டத்தை ஆண்டுதோறும் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கும்வரை, பேசவேண்டிய கடமை நமக்கும் இருக்கிறது.

இந்த வேலையில் உனக்கு மூத்த,
அக்கா