காதுக்கு எவ்வளவு சத்தம் வேண்டும்?
(மைக் முன் அமர்வோருக்கு ஒரு பாடம்)

வானொலியில் பேச வருகிறவர்கள் மைக்கைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள். காதில் மாட்டும் ஹெட்போனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் நிகழ்ச்சி தெளிவாக அமைவதும், பேசுகிறவரின் காது கெடாமல் இருப்பதும் அந்த ஹெட்போனின் வால்யூம் குமிழில்தான் இருக்கின்றன.

பெரிய நிலையங்களில் இதைக் கவனிக்கப் பொறியாளர் இருப்பார். சிறிய இடங்களில் அப்படி இல்லை. நான் வசிக்கும் கோரமண்டலுக்கு அருகில், பங்காரப்பேட்டை வட்டத்துப் பூதிகோட்டையில், 2000-களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ உதவியுடன் ‘நம்ம த்வனி’ என்ற சமுதாய வானொலி தொடங்கியது. தொண்டு நிறுவனங்கள் அலைவரிசை உரிமம் பெற 2006 வரை வழியில்லாததால், கேபிள் வழியாக வீடுகளுக்கு ஒலி அனுப்பினார்கள். ஊர்ப் பெண்களும் இளைஞர்களுமே நிகழ்ச்சி தயாரித்தார்கள். இன்று ஒரு கணினியும் சிறு மிக்ஸரும் இருந்தால் நம் சங்க அறையிலிருந்தே இணைய வானொலி நடத்தலாம். அங்கேயும் பேசுகிறவரே பொறியாளர். ஆகவே குமிழின் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெட்போன் எதற்கு?

மைக் திறந்திருக்கும்போது அறையில் ஸ்பீக்கர் ஒலிக்கக் கூடாது. ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து, மீண்டும் ஸ்பீக்கருக்கு வந்து, ஊளையிடத் தொடங்கும். அதனால் பாட்டு முடிவதையும், தொலைபேசியில் வரும் நேயரின் குரலையும், நம் குரலையும் ஹெட்போனில் கேட்கிறோம். ஹெட்போனையே அளவுக்கு மேல் திறந்தால் அந்த ஒலியும் கசிந்து மைக்கில் ஏறும். ஒரு காதை மூடி மறு காதைத் திறந்து வைப்பவர்கள் திறந்த பக்கத்து உறையைத் தலையோடு அழுத்தி வைத்தால் கசிவு குறையும்.

நம் குரலும் நம் காதும்

ரயில்வே கண்ட்ரோல் அறையில் நாள் முழுவதும் ஹெட்போனோடு பேசுகிறவர்களிடம் நான் கவனித்தது ஒன்று உண்டு. தம் குரல் காதில் பலமாகக் கேட்டால் தாமாகவே மெதுவாகப் பேசுவார்கள். குறைவாகக் கேட்டால் கத்துவார்கள். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறான் என்பதை 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் எடுத்துக் காட்டினார். இதிலிருந்து பயனுள்ள விதி ஒன்று கிடைக்கிறது. ஒருவர் முணுமுணுத்தால் ‘சத்தமாகப் பேசுங்கள்’ என்று சொல்வதற்கு முன் அவர் காதில் அவர் குரலைச் சற்றுக் குறையுங்கள். கத்துகிறவருக்குச் சற்றுக் கூட்டுங்கள்.

சரி செய்யும் முறை

1. குமிழைப் பூஜ்யத்தில் வைத்த பிறகே ஹெட்போனை மாட்டுங்கள். முன்பு அமர்ந்தவர் எந்த அளவில் விட்டுப் போனார் என்பது தெரியாது. ஹெட்போனை மாற்றினாலும் இப்படியே. 32 ஓம் ஹெட்போனும் 250 ஓம் ஹெட்போனும் ஒரே குமிழ் அளவில் ஒரே சத்தம் தருவதில்லை.
2. முதலில் மைக்கின் அளவை மிக்ஸர் மீட்டரைப் பார்த்துச் சரி செய்யுங்கள். பிறகே காதுக்கு வாருங்கள். காதில் குறைவாக இருக்கிறது என்று மைக்கை உயர்த்தினால் நேயர்களுக்கு ஒலி உடைந்து கேட்கும்.
3. இயல்பாகப் பேசிக்கொண்டே குமிழை மெல்லத் திறந்து, ஒவ்வொரு சொல்லும் புரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று தோன்றும் வரை போக வேண்டாம்.
4. தொலைபேசிக் குரல் மட்டும் புரியவில்லையானால் அந்தத் தடத்தை மட்டும் உயர்த்துங்கள். சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும். அது மங்கலாகக் கேட்பது இயற்கை.
5. இணையத்தில் திரும்பி வரும் ஒலியைக் கேட்டுக்கொண்டு பேசாதீர்கள். அது தாமதித்து வரும். தன் குரல் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாகக் காதில் விழுந்தாலே நாக்கு குழறும். மிக்ஸரிலிருந்து நேரே எடுத்துக் கேளுங்கள்.

எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. குமிழைச் சிறிது திருப்பினாலே 3 டெசிபல் கூடிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

தங்கவயல்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பாறை துளைக்கும் டிரில்லின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதில் உழைத்தவர்கள் பலரின் காது அதற்கு முன்பே மூடத் தொடங்கிவிட்டது. இத்தகைய காது இழப்பில் முதலில் போவது மேல் சுருதி. ‘கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்று புரியவில்லை’ என்பார்கள். ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் அவர்களுக்கு எட்டுவதில்லை.

அப்படிப்பட்ட தாத்தா ஒருவர் தம் சுரங்கக் கதையைச் சொல்ல மைக் முன் வந்தால், ‘இன்னும் கூட்டு’ என்பார். அவருக்காக எல்லோருடைய ஹெட்போனையும் கூட்டிவிடக் கூடாது. பக்கத்தில் பேரப்பிள்ளையும் அமர்ந்திருப்பான். ஒவ்வொருவருக்கும் தனிக் குமிழ் உள்ள சிறு பெட்டி கடைகளில் கிடைக்கிறது. சங்கம் முதலில் வாங்க வேண்டியது அதுதான். தாத்தாவுக்குக் கீழ்ச் சுருதியைக் குறைத்து மேல் சுருதியைச் சிறிது கூட்டிக் கொடுங்கள். கேள்வி கேட்பவரை அவருக்கு எதிரே, உதடு தெரியும்படி உட்கார வையுங்கள். பாதிச் சிரமம் அதிலேயே தீர்ந்துவிடும்.

நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பின் காதில் ‘கொய்ங்’ என்று இரைச்சல் கேட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அடுத்த வாரம் குமிழை இறக்குங்கள். உள்காதின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பிள்ளைகளுக்குத் தமிழில் பேசக் கற்றுக் கொடுக்கும் நாம், அதைக் கேட்கும் காதையும் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.