பசுவின் உடலமைப்பும் கன்றீனும் திறனும்

பனமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் கறவைப்பசு வாங்குவோர் பெரும்பாலும் மடியையே நோக்குவர். அப்பசு மீண்டும் சினையுறாவிடின் பால் வற்றும். தீவனச் செலவோ நில்லாது. ஆதலின் பின்புறத்தையும் நோக்குதல் வேண்டும். இடுப்பெலும்பு முனைகளைவிட, வாலின் இருமருங்கும் உள்ள எலும்பு முனைகள் சற்றே தாழ்ந்திருத்தல் நன்று; ஈன்றபின் கருப்பையின் கழிவு தேங்காது வடியும். அம்முனைகளின் இடைவெளி அகன்றிருப்பின் கன்று எளிதில் வெளிவரும். எலும்பமைப்பு பிறப்பொடு வருவது; உடற்சதையோ வளர்ப்போர் கையில் உள்ளது. ஜெர்சிக் கலப்பினப் பசு மிகுதியாகப் பால் சுரந்து, போதிய தீவனமின்றி மெலியுமாயின், 21 நாள்களுக்கு ஒருமுறை வரவேண்டிய பருவம் தள்ளிப்போகும். விலாவெலும்பு துருத்தி நிற்கும் பசுவுக்குச் சினை ஊசியினும் முந்தித் தேவைப்படுவது பிண்ணாக்கும் பசும்புல்லுமே. அளவிறந்து கொழுத்த பசுவும் ஈனுங்கால் இடர்ப்படும்.