ஹெச்.டி. என்றாலே தெளிவா?

விருத்தாசலத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "வீட்டில் 'கலை அரசி' விசிடி இருக்கிறது. இன்டர்நெட்டில் ஹெச்.டி.யிலேயே வருகிறது. விசிடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?"

எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பில் ஏ. காசிலிங்கம் இயக்கி 1963-ல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பாடகியை வேற்றுக் கிரகத்தார் கடத்திச் செல்வதுதான் கதை. தூக்கிப் போடும் முன் சிலவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

விசிடியில் ஒரு காட்சிக்கு 352 x 288 புள்ளிகள்தான். டிவிடியில் 720 x 576. அதாவது நான்கு மடங்கு. விசிடியையே பெரிதாக்கி ஹெச்.டி. என்று பெயரிட்டால், புள்ளிகள் கூடும், விவரம் கூடாது. எங்கள் ஊர் செராமிக் பொம்மையைப் பாருங்கள். அச்சில் மூக்கு மழுங்கியிருந்தால், எத்தனை முறை கிளேஸ் பூசினாலும் கூர்மையாகாது. ஃபிலிமிலிருந்து மறுபடி எடுத்தால்தான் தெளிவு வரும். 1964-ல் வந்த 'கர்ணன்' அப்படி டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-ல் மீண்டும் திரைக்கு வந்தது.

சோதிக்கும் முறை:

1. விஎல்சி பிளேயரில் டிஸ்க்கை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஜே கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். தோன்றும் விண்டோவில் புள்ளிகளின் அளவு தெரியும்.

2. ஒரே காட்சியை இரண்டிலும் நிறுத்தி, தலைமுடியையும் துணியின் வேலைப்பாட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் ஹெச்.டி. வெறும் பெயர்தான்.

3. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படம் அகலத் திரை முழுவதும் நிறைந்தால், முகங்கள் இழுக்கப்பட்டிருக்கும் அல்லது தலை வெட்டப்பட்டிருக்கும். இழுக்கப்பட்டிருந்தால் வீடியோ மெனுவில் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 ஆக்குங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி.

4. ஒலியைக் காதால் சோதியுங்கள். அக்காலத் தமிழ்ப் படங்களின் ஒலி மோனோ, '5.1' என்பது பின்னாளில் சேர்த்தது. இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கினால், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். விசிடியின் ஒலி நொடிக்கு 224 கிலோபிட். பழைய மோனோ ஒலிக்கு அது தாராளம். எனவே படத்தில் தோற்கும் விசிடி, பாட்டில் ஜெயிக்கலாம்.

ஆகவே நண்பரே, டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையென்றால், யுஎஸ்பியில் செருகும் டிரைவ் போதும். டிஸ்க்கில் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் உள்ள பெரிய ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள். கீறல் விழுந்த பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாமல் போகலாம்.