ஓரத்திலிருந்து நடுவுக்கு

சதுரங்கம் பழகும் தங்கைமாரிடம் முதலில் சொல்வது, நடுக்கட்டங்கள் நான்கையும் பிடியுங்கள் என்பதுதான். ஆனால் 2024 டிசம்பர் 8ஆம் திகதி, சிங்கப்பூரில் நடந்த உலக சம்பியன் போட்டியின் 11ஆவது ஆட்டத்தில், சென்னை குகேஷ் வேறு விதமாகத் தொடங்கினார்.

முதலில் குதிரை எஃப்3 இற்கு வந்தது. சீனாவின் டிங் லிரென் டி5 இல் சிப்பாயை நிறுத்தினார். குகேஷ் சி4 சிப்பாயால் அதைப் பக்கத்திலிருந்து தாக்கினார். டிங் அதை டி4 இற்குத் தள்ள, குகேஷ் பி4 ஆடினார். மூன்று நகர்வுகள் முடிந்தும் நடுவில் ஒரு வெள்ளைச் சிப்பாய்கூட இல்லை!

இதுவே பக்கத் தொடக்கம். 1924இல் நியூயோர்க்கில் கபபிளாங்காவை வென்ற ரிச்சர்ட் ரெட்டியின் பெயரால் இவ்வகை அழைக்கப்படுகிறது.

குகேஷ் நடுவைக் கைவிடவில்லை. முன்னேறிய டி4 சிப்பாயை எஃப்3 குதிரை ஏற்கெனவே குறிவைத்திருந்தது. அதற்குக் காவலாக டிங் சி5 சிப்பாயை நகர்த்தினார். அந்தக் காவலை வெட்ட பி4 சிப்பாய் தயாராக நின்றது. உடனே ஈ3 சிப்பாயும் டி4 ஐத் தாக்கியது.

நம் பிள்ளைகள் தவறுவது இங்கேதான். ஓரச் சிப்பாயைத் தள்ளுவார்கள், ஈ3 போன்ற அடியை மறந்துவிடுவார்கள். பிறகு எதிராளியின் சிப்பாய்கள் நடுவில் நிலைத்துவிடும், நம் காய்களுக்கு இடமிராது. பார்த்திருக்கும் பெற்றோரும், "ஏன் மகள் ஓரத்திலேயே விளையாடுகிறாய்?" என்பார்கள். அது நியாயமான கேள்வி. அடுத்த அடி எங்கே என்பதை மகள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நேர நெருக்கடியில் டிங் 28ஆவது நகர்வில் தவறினார், அடுத்த நகர்வோடு தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் அவரே சி4 இல் தொடங்கி, மந்திரியை ஜி2 இல் நிறுத்தி, குகேஷை வென்றார்.