நீ எழுதாத வரிகளையும் வாசி

அன்புள்ள தம்பி,

நத்தத்திலிருந்து நீ அனுப்பிய பாம் (pom.xml) கோப்புகள் கிடைத்தன. "பிள்ளைக் கோப்பில் இருபது வரிதான் இருக்கு, இது எப்படி அண்ணே முழு ஜாரையும் கட்டுது?" என்று கேட்டிருந்தாய். இதைக் கேட்காமலே, ஜாவா புராஜெக்டுகளைக் கட்டும் மேவனோடு பல வருஷம் குடித்தனம் நடத்துகிறவர்கள் உண்டு.

மேவனில் எந்த பாமும் ஒண்டியாக நிற்பதில்லை. பேரன்ட் என்று நீ குறித்த கோப்பிலிருந்து அமைப்புகள் இறங்கி வரும். எதையும் குறிக்காவிட்டாலும் மேவனுக்குள்ளேயே இருக்கும் சூப்பர் பாம் மேலே நிற்கும். கோடு எந்த ஃபோல்டரில் இருக்கும், கட்டியது டார்கெட்டில் விழும், லைப்ரரிகள் மேவன் சென்ட்ரலிலிருந்து வரும் என்பதெல்லாம் அங்கே எழுதியவை. குரூப் ஐடி, வெர்ஷன், பிராப்பர்ட்டிகள், டிபென்டென்சிகள் எல்லாம் பிள்ளைக்கு வந்துவிடும். ஆர்ட்டிஃபேக்ட் ஐடியை மட்டும் அவரவர்தான் எழுதியாக வேண்டும். ஒரே பிராப்பர்ட்டி இரண்டு இடத்திலும் இருந்தால் பிள்ளை எழுதியதே செல்லும்.

உங்கள் ஊர்ச் சட்டைக் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டரின் பேட்டர்னில் விழுந்த பிசகு, தைக்கிற அத்தனை சட்டையிலும் வரும் அல்லவா? 2020 ஜனவரி 15 அன்று அதுதான் நடந்தது. அன்று முதல் மேவன் சென்ட்ரல் எச்டிடிபிஎஸ் வழியை மட்டுமே ஏற்றது. 3.2.3க்கு முந்தைய மேவனின் சூப்பர் பாமில் இருந்ததோ பழைய எச்டிடிபி முகவரி. யாரும் கைவைக்காத புராஜெக்டுகள் 501 பிழையோடு விழுந்தன. தங்கள் பாமில் அந்த முகவரியைத் தேடியவர்களுக்கு அது அகப்படவில்லை. அவர்கள் அதை எழுதவே இல்லையே!

அதனால், பிழை வந்தால் முதலில் 'எம்விஎன் ஹெல்ப்:எஃபெக்டிவ்-பாம்' கட்டளையை ஓட்டு. எல்லாம் கலந்த பிறகு மேவன் கையில் இருக்கும் உண்மையான கோப்பை அது காட்டும். வெர்போஸ் சேர்த்தால் ஒவ்வொரு வரியும் எந்த பாமிலிருந்து வந்தது என்பதும் தெரியும். அதைப் பார்க்காமல் எதையும் திருத்தாதே.

இன்னொன்று: பேரன்ட் பாமின் மாட்யூல்ஸ் பட்டியலில் பெயர் சேர்த்ததாலேயே ஒரு புராஜெக்ட் வாரிசாகிவிடாது. அது சேர்த்துக் கட்டுவதற்கான பட்டியல். பிள்ளை தன் கோப்பில் பேரன்டைச் சொன்னால்தான் உறவு.

கடைசியாக, உன் பேரன்ட் பாம். எட்டு லைப்ரரிகளை நேராக டிபென்டென்சிஸ் கீழே போட்டிருக்கிறாய். வேண்டுமோ வேண்டாமோ, எல்லாப் பிள்ளையும் எட்டையும் சுமக்கும். அவற்றை டிபென்டென்சி மேனேஜ்மென்டுக்கு மாற்று. வெர்ஷன் மேலே ஒரே இடத்தில் நிற்கும். தேவைப்பட்ட பிள்ளை மட்டும் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் நிச்சயம் வேண்டியதை மட்டும் மேலே வை. மாற்றியபின் பழைய எஃபெக்டிவ் பாமையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்